மயோசைட்டிஸ் கண்காணிப்பில் ஈ.எம்.ஜி: எப்போது செய்வது, எப்படிச் செய்கிறார்கள், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

மயோசைட்டிஸ், அதாவது தசை அழற்சி நோய்க்கு ஸ்டீராய்டு ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்த சி.பி.கே (தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) இறங்கி நார்மலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் நோயாளியால் இன்னும் கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடியவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் டாக்டருக்கு மூன்று சந்தேகங்கள் வரும். அழற்சி இன்னும் அடங்கவில்லையா? அழற்சி அடங்கி, இப்போது ஸ்டீராய்டே தசையை மெலிய வைக்கிறதா? இல்லை, ஏற்கெனவே அழிந்த தசை கொழுப்பாகவும் தழும்பாகவும் மாறிவிட்டதா?

முதலாவது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவது என்றால் குறைக்க வேண்டும். மூன்றாவது என்றால் மருந்தை எப்படி மாற்றினாலும் பெரிய பலன் கிடைக்காது. பிசியோதெரபியில்தான் கவனம் வைக்க வேண்டும். மூன்றுக்கும் வெளியே தெரிவது ஒரே பலவீனம்தான், சிகிச்சை மட்டும் எதிரெதிர் திசையில் போகிறது.

ஈ.எம்.ஜி, அதாவது தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி அதன் மின்சமிக்ஞையைப் பதிவு செய்யும் சோதனை, இங்கேதான் கைகொடுக்கும். ஆனால் எந்தக் கேள்விக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால்தான். இந்த வழிகாட்டி முக்கியமாக நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும். ரிப்போர்ட் பற்றிய பகுதி பயிற்சி மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் பயன்படலாம்.

முதலில், ஈ.எம்.ஜி எங்கே நிற்கிறது

1975இல் ஆந்தனி போஹன், ஜேம்ஸ் பீட்டர் என்ற இருவர் மயோசைட்டிஸின் இரு வகைகளான பாலிமயோசைட்டிஸ், தோலையும் பாதிக்கும் டெர்மடோமயோசைட்டிஸ் ஆகியவற்றை உறுதி செய்ய ஐந்து அளவுகோல்களை வகுத்தார்கள்: இடுப்பையும் தோளையும் சுற்றிய தசைகளில் இரு பக்கமும் பலவீனம், பயாப்ஸி (தசையில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது), ரத்தத்தில் தசை என்சைம், ஈ.எம்.ஜி, தோல் தடிப்பு. பல பத்தாண்டுகள் இதுவே வழக்கில் இருந்தது. 2017இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட புதிய வகைப்பாட்டில் ஈ.எம்.ஜி இல்லை. சிகிச்சை பலனை அளக்க 2016இல் வந்த அளவுகோலிலும் இல்லை. அதில் இருப்பவை ஆறு: டாக்டரின் மதிப்பீடு, நோயாளியின் மதிப்பீடு, கையால் தள்ளிப் பார்த்துத் தரும் தசைபல மதிப்பெண், அன்றாட வேலைகள் பற்றிய கேள்வித்தாள், தசை என்சைம்கள், தசைக்கு வெளியே நோயின் தீவிரம். இவற்றை வைத்து நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 20 வந்தால் சுமாரான முன்னேற்றம், 40 நடுத்தரம், 60 பெரிய முன்னேற்றம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சுகர் பார்ப்பதுபோல மாதாமாதம் ஈ.எம்.ஜி எடுத்து நோயைக் கண்காணிக்கலாம் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது. வலிக்கும், செலவு ஆகும், செய்பவரின் திறமையைப் பொறுத்து முடிவும் மாறும். வழக்கமான கண்காணிப்புக்குக் கையால் பார்க்கும் தசைபலமும் ரத்தப் பரிசோதனையும் போதும். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது நடுவராக வருவதுதான் ஈ.எம்.ஜியின் வேலை.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

ஈ.எம்.ஜிக்கு எழுதிக்கொடுத்தால் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் என்ன தெரிஞ்சா மருந்து மாறும்?" பதில் தெளிவாக இருந்தால் டெஸ்ட் தேவை. "சும்மா பார்த்து வைக்கலாம்" என்று பதில் வந்தால் தள்ளிப்போடுவது பற்றிப் பேசலாம்.

உண்மையிலேயே பயன்படும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. சிகிச்சை தொடங்கும் முன் ஒரு தடவை, பின்னால் ஒப்பிடுவதற்காக. சி.பி.கே நார்மலாக இருந்தும் பலவீனம் கூடும்போது, டெர்மடோமயோசைட்டிஸில் சி.பி.கே உயராமலேயே நோய் தீவிரமாக இருப்பதுண்டு. மருந்தைக் குறைக்கும்போது பழைய பலவீனம் திரும்பி, அது நோயா மருந்தா என்று தெரியாதபோது. பயாப்ஸிக்கு எந்தத் தசையைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் இருக்கும்போது. கடைசியாக, நான் மிக முக்கியம் என்று நினைப்பது: எவ்வளவு மருந்து கொடுத்தும் அசையாத 'பாலிமயோசைட்டிஸ்'. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இருப்பது அழற்சி நோயே அல்ல. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

படி 2: அடித்தளமாக ஒரு முதல் பதிவு

முதல் ஈ.எம்.ஜி இல்லாமல் இரண்டாவதால் முழுப் பயன் இல்லை. மாற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். ஆகவே முதல் தடவை எந்தத் தசைகளைப் பார்த்தார்கள், எந்தப் பக்கம், என்ன வகை ஊசி என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கமாகப் பார்ப்பவை தோளில் டெல்டாய்டு, மேல்கையில் பைசெப்ஸ், இடுப்பை மடக்கும் இலியோசோவாஸ், இடுப்புப் பக்கவாட்டில் குளூட்டியஸ் மீடியஸ், முன்தொடையில் வாஸ்டஸ் லேட்டராலிஸ், முன்காலில் டிபியாலிஸ் ஆன்டீரியர். இவற்றோடு முதுகெலும்பை ஒட்டி ஓடும் பாராஸ்பைனல் தசைகள். இந்தக் கடைசித் தசையை விட்டுவிடக் கூடாது. கை கால் தசைகளில் ஒன்றும் தெரியாதபோதும் முதுகுத் தசையில் நோயின் அடையாளம் கிடைப்பதுண்டு. வயதானவர்களிடம் இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்ற இன்னொரு வகையின் சந்தேகம் இருந்தால் விரலை மடக்கும் முன்கைத் தசையையும் சேர்க்க வேண்டும்; அந்த நோய் முன்தொடையையும் விரல் மடக்கும் தசையையும்தான் முதலில் பிடிக்கும்.

பயாப்ஸி எடுக்கும் திட்டம் இருந்தால் ஒரு விதி: ஈ.எம்.ஜி உடம்பின் ஒரு பக்கம், பயாப்ஸி மறுபக்கம். ஊசி போன இடத்தில் அந்தக் காயத்தினாலேயே சின்ன அழற்சி வரும். அங்கிருந்து சதை எடுத்தால் நோயின் அழற்சியா ஊசியின் அழற்சியா என்று நோயியல் நிபுணரால் பிரிக்க முடியாது. நோய் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், வலது பக்க ஈ.எம்.ஜியில் மிதமாகப் பாதிக்கப்பட்டதாகத் தெரிந்த தசையையே இடது பக்கத்தில் பயாப்ஸிக்கு எடுக்கலாம். மிகவும் மெலிந்துபோன தசையை எடுக்கக் கூடாது, அதில் கொழுப்பும் தழும்பும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

படி 3: டெஸ்டுக்கு முந்தின நாள்

பட்டினி வேண்டாம். குளித்துவிட்டுப் போங்கள், ஆனால் எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் தோலில் வேண்டாம். நரம்பு சோதனைக்கு ஒட்டும் பட்டைகள் சரியாக ஒட்டாது. தொடை, தோள், முதுகு மூன்றையும் எளிதில் காட்டக்கூடிய தளர்வான உடை நல்லது. பெண்கள் உடன் ஒருவரை அழைத்துப் போகலாம். பெண் டெக்னீஷியன் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், அசதயோப்ரின் போன்ற மருந்துகளை நிறுத்தவே கூடாது. முக்கியமாக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் ஊசியை ஆழம் குறைந்த தசைகளுக்கு மட்டும் வைத்து, அழுத்திப் பிடித்து, சோதனையை முடித்துவிடுவார்கள். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் சொல்லுங்கள். மார்பக அறுவைக்குப் பிறகு கை வீங்கியவர்கள் அந்தக் கையில் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். டெர்மடோமயோசைட்டிஸ் உள்ளவர்கள் புண்ணான தோலையும், தோலுக்கடியில் சுண்ணாம்பு கட்டியாகப் படிந்த இடங்களையும் காட்டினால் ஊசி அங்கே போகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை: சி.பி.கே ரத்தப் பரிசோதனையை ஈ.எம்.ஜிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். பல தசைகளில் ஊசி போட்டால் அதனாலேயே சி.பி.கே சற்று ஏறலாம். முதல் நாள் ஈ.எம்.ஜி, மறுநாள் காலை ரத்தம் என்று வைத்துக்கொண்டால், ஏறிய எண்ணைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று எல்லோரும் பதறுவார்கள்.

கூடவே எடுத்துப் போக வேண்டியவை: பழைய ஈ.எம்.ஜி ரிப்போர்ட் முழுதாக (முடிவு மட்டும் உள்ள கடைசிப் பக்கம் போதாது), சி.பி.கே எண்கள் தேதியோடு, ஸ்டீராய்டு எந்த மாதம் எத்தனை மில்லிகிராம் என்ற பட்டியல், மற்ற எல்லா மருந்துகளும். கொலஸ்ட்ரால் மாத்திரை, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், கௌட் என்ற மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் கோல்சிசின் மூன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்றுமே தசையைப் பாதிக்கக்கூடியவை.

படி 4: மேசையில் என்ன நடக்கும்

முதலில் நரம்புகள். கை கால்களில் ஒட்டுப்பட்டை வைத்து, சின்ன மின்னதிர்ச்சி கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். சுரீர் என்று இருக்கும், அவ்வளவுதான். மயோசைட்டிஸில் இது பெரும்பாலும் நார்மலாகவே வரும். இருந்தும் செய்யக் காரணம், சர்க்கரை நோயால் நரம்பு பாதித்திருந்தாலோ முதுகில் நரம்பு அழுந்தியிருந்தாலோ ஊசிச் சோதனையின் முடிவை அது குழப்பும்.

கை கால்கள் குளிர்ந்திருந்தால் முதலில் சூடாக்கச் சொல்லுங்கள். ஏ.சி. அறையில் நெடுநேரம் காத்திருந்து போனால் நரம்பு மெதுவாகக் கடத்துவதுபோலத் தெரியும். தசையும் குளிர்ந்தால் நாம் தேடும் ஃபிப்ரிலேஷன்கள் (தசைநார் தானாகத் துடிக்கும் சமிக்ஞை, படி 5இல் விளக்கம்) குறைந்து தெரியும், அலைகளின் நீளம் கூடும். முதல் தடவை வெயிலில் வந்த உடனே, இரண்டாம் தடவை குளிர்ந்த அறையில் என்றால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

அடுத்தது ஊசி. இதில் மருந்து எதுவும் செலுத்துவதில்லை, மின்சாரமும் பாய்ச்சுவதில்லை. ஊசி காதுபோலக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். 1929இல் இங்கிலாந்தில் ஆட்ரியனும் பிராங்க்கும் உருவாக்கிய, நடுவில் கம்பி ஓடும் ஊசியின் வடிவம்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுகிறது. ஒவ்வொரு தசையிலும் மூன்று கட்டம் உண்டு.

முதலில் தசையை முழுதாகத் தளர்த்தச் சொல்வார்கள். ஊசியைச் சற்று நகர்த்தி, நின்று, கேட்பார்கள். மயோசைட்டிஸ் கண்காணிப்பில் இந்தக் கட்டத்தில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. வலியால் நீங்கள் தசையை இறுக்கிக்கொண்டால் தேடுவது காதில் விழாது. மூச்சை மெதுவாக விட்டு, கைகால் கனமாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். இடுப்புத் தசை தளரவில்லை என்றால் முழங்காலுக்கடியில் தலையணை கேளுங்கள்.

அடுத்து, தசையை இலேசாக மட்டும் இறுக்கச் சொல்வார்கள். பலரும் இங்கே முழு பலத்தையும் காட்டிவிடுகிறார்கள். பலவீனம் இல்லை என்று நிரூபிக்கும் ஆசை. வேண்டாம். தனித்தனி அலைகளைப் பார்க்க வேண்டிய கட்டம் இது. கடைசியாக, பலத்தைப் படிப்படியாகக் கூட்டச் சொல்வார்கள்.

முடிந்த பிறகு ஓரிரு நாள் வலி, ரத்தம் கட்டி சின்ன நீல நிறத் தடம் இருக்கலாம். பெரிய வீக்கம், காய்ச்சல், மார்பு அருகே ஊசி போட்ட பின் மூச்சுத்திணறல் என்றால் உடனே போய்க் காட்ட வேண்டும்.

படி 5: ரிப்போர்ட்டைப் படிப்பது

ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான தசை மின்னளவில் அமைதியாக இருக்கும். அழற்சியால் தசைநாரின் ஒரு பகுதி அழிந்தால், மிச்சப் பகுதிக்கு நரம்போடு தொடர்பு அறுந்துபோகிறது. அப்படித் துண்டான நார் தானாகவே துடிக்கத் தொடங்கும். அதுதான் ஃபிப்ரிலேஷன், அதன் கூட்டாளி பாசிட்டிவ் ஷார்ப் வேவ். ஒலிபெருக்கியில் தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோல, ஒழுங்கான தாளத்தில் கேட்கும். வெளியே தசை துடிப்பது கண்ணுக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் 0 முதல் 4+ வரை மதிப்பிடுவார்கள். 1+ என்றால் குறைந்தது இரண்டு இடத்தில் தொடர்ந்து கேட்கிறது, 3+ என்றால் பார்த்த இடமெல்லாம், 4+ என்றால் திரை முழுக்க.

இவற்றோடு 'காம்ப்ளெக்ஸ் ரிபெட்டிடிவ் டிஸ்சார்ஜ்' என்று எழுதியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்து நார்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு இயந்திரம்போல ஓடுவது அது. பெரும்பாலும் நோய் பழையது என்பதற்கு அடையாளம். போஹன், பீட்டர் அளவுகோலில் இதுவும் ஓர் அங்கமாக இருந்தது.

அடுத்தது மோட்டார் யூனிட் அலைகள், ரிப்போர்ட்டில் எம்.யு.பி அல்லது எம்.யு.ஏ.பி என்று இருக்கும். ஒரு நரம்புக் கிளை பல தசைநார்களைச் சேர்த்து இயக்குகிறது. அந்த நார்களில் பல அழிந்தால் மிச்சமிருப்பவை எழுப்பும் அலை உயரம் குறைந்து, நீளம் குறைந்து, பல முனைகளோடு சிதறி வரும். அதுதான் 'மயோபதிக்' வடிவம். உயரம் ஊசி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும், ஆகவே அதை அதிகம் நம்ப வேண்டாம். நீளம், அதாவது மில்லிசெகண்டில் உள்ள கால அளவுதான் நம்பகமானது. நுட்பமாகச் செய்பவர்கள் ஒரு தசையில் வெவ்வேறு இடங்களில் 20 அலைகளை அளந்து சராசரி போடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் நேரம் பிடிக்கும் என்பதால் பல இடங்களில் கண்ணளவில் முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது ரெக்ரூட்மென்ட், அதாவது பலம் கூடக் கூட யூனிட்டுகள் வேலைக்கு வந்து சேரும் விதம். ஒவ்வொரு யூனிட்டும் பலம் குறைந்திருப்பதால், சின்ன வேலைக்கே உடம்பு நிறைய யூனிட்டுகளை வரவழைக்கிறது. மெல்ல இறுக்கியவுடனே திரை நிரம்பிவிட்டால் 'ஏர்லி ரெக்ரூட்மென்ட்' என்று எழுதுவார்கள். நரம்பு நோயில் இதற்கு நேர்மாறாக, எவ்வளவு முயன்றாலும் சில அலைகள் மட்டுமே வேகவேகமாக வரும்.

நோய் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் படம் மாறும். அழிந்த நார்கள் மறுபடி வளரும், துண்டான நார்களுக்குப் புது நரம்புக்கிளைகள் போய்ச் சேரும். அப்போது நீளமான, சிலசமயம் உயரமான அலைகளும் கலந்து வரும். இதைப் பார்த்து "நரம்பு நோய்" என்று ரிப்போர்ட் எழுதப்படுவதுண்டு. இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் நோயாளிகள் சிலருக்கு மோட்டார் நியூரான் நோய் (தசையை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் நோய்) என்று தவறான முடிவு சொல்லப்படுவதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம். வயதானவர், விரல் மடக்க முடியவில்லை, முன்தொடை மெலிந்திருக்கிறது, ஈ.எம்.ஜியில் இரண்டு வகை அலையும் இருக்கிறது என்றால் பயாப்ஸி பார்க்காமல் மோட்டார் நியூரான் நோய் என்று முடிவுக்கு வரக் கூடாது என்பது என் கருத்து.

படி 6: பழையதோடு வைத்துப் பார்ப்பது

இப்போது ஆரம்பத்தில் கேட்ட மூன்று சந்தேகங்களுக்கு வரலாம்.

முதல் ரிப்போர்ட்டில் டெல்டாய்டிலும் பாராஸ்பைனலிலும் ஃபிப்ரிலேஷன் 3+. சிகிச்சைக்குப் பிறகு அது 0 அல்லது 1+. சிகிச்சைக்குப் பலன் கிடைத்தால் முதலில் அடங்குவது பெரும்பாலும் இந்தத் தன்னிச்சைத் துடிப்புதான். அலைகளின் வடிவம் சீராக இன்னும் நாளாகும், சிலருக்கு முழுதாகச் சீராவதே இல்லை. ஆகவே "இன்னும் மயோபதிக் அலைகள் உள்ளன" என்ற ஒரே வரியைப் பார்த்து நோய் தீவிரம் என்று நினைக்க வேண்டாம். துடிப்பு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

துடிப்பு 3+ ஆகவே நிற்கிறது, அல்லது அடங்கியிருந்தது மறுபடி ஏறியிருக்கிறது, கூடவே கழுத்தை முன்பக்கம் தூக்கும் பலமும் குறைகிறது: அழற்சி உயிரோடு இருக்கிறது என்ற பக்கம்தான் தராசு சாயும். சி.பி.கே நார்மலாக இருந்தாலும்.

துடிப்பு அறவே இல்லை, அலைகளும் ஏறத்தாழ நார்மல், ஆனால் தொடை பலவீனம் கூடிக்கொண்டே போகிறது, முகம் உப்பியிருக்கிறது, மாதக்கணக்கில் தினமும் 30 மில்லிகிராமுக்கு மேல் பிரட்னிசலோன். இது ஸ்டீராய்டு மயோபதியின் படம். ஸ்டீராய்டு முக்கியமாக வேகமாகச் சுருங்கும் இரண்டாம் வகை நார்களை மெலிய வைக்கிறது. இலேசாக இறுக்கும்போது முதலில் வேலைக்கு வருபவை முதல் வகை நார்கள். ஈ.எம்.ஜி பெரும்பாலும் அவற்றைத்தான் பார்க்கிறது, ஆகவே நார்மலாகத் தெரிகிறது. இங்கே ரிப்போர்ட் நார்மலாக இருப்பதே ஒரு துப்பு. அப்புறம் ஸ்டீராய்டைக் குறைத்து வேறு மருந்தைச் சேர்ப்பது டாக்டரின் முடிவு, நீங்களாகக் குறைக்காதீர்கள்.

துடிப்பு இல்லை, ஊசி போகும்போதே தசை தடித்து நாராக இருக்கிறது, 'இன்செர்ஷனல் ஆக்டிவிட்டி குறைவு' (ஊசி நகரும்போது எழும் மின்சமிக்ஞை குறைவு) என்று எழுதியிருக்கிறது, இறுக்கினாலும் அலைகள் மிகக் குறைவு. அங்கே மிஞ்சியிருப்பது தழும்பும் கொழுப்பும். எம்.ஆர்.ஐ அதை உறுதி செய்யும்: அழற்சி இருந்தால் கொழுப்பை மறைத்து எடுக்கும் படத்தில் தசை வெளுத்து ஒளிரும், கொழுப்பாக மாறிய தசை வேறு வரிசைப் படத்தில் தனியாகத் தெரியும்.

நிஜத்தில் இவை கலந்தே வரும். ஒரே ஆளிடம் முதுகில் அழற்சி, தொடையில் தழும்பு, மேலே ஸ்டீராய்டு பாதிப்பும் இருக்கலாம். தசை தசையாகப் படிப்பது அதனால்தான்.

எவ்வளவு நாளில் மறுபடி எடுப்பது? இதற்குப் பொது விதி கிடையாது. சிகிச்சை தொடங்கிச் சில வாரத்திலேயே எடுப்பது பெரும்பாலும் வீண். சில மாதங்களாவது போகட்டும், அதுவும் மேலே சொன்ன குழப்பம் வந்தால் மட்டும். முடிந்தால் அதே லேப், அதே வகை ஊசி. நடுவில் கம்பி ஓடும் ஊசிக்கும் ஒற்றைக் கம்பி ஊசிக்கும் அளவுகள் வேறுபடும். ஒற்றைக் கம்பியில் அலை பெரிதாகத் தெரியும்.

படி 7: ஏமாந்துபோகும் இடங்கள்

ஃபிப்ரிலேஷன் என்றாலே மயோசைட்டிஸ் அல்ல. நரம்பு அறுந்தாலும் வரும், சில பரம்பரைத் தசை நோய்களிலும் வரும். இடுப்பில் டிஸ்க் பிரச்சினையோ முதுகு அறுவையோ இருந்தவருக்குக் கீழ்முதுகுத் தசையில் துடிப்பு தெரிந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் கொடுக்கக் கூடாது. மார்புமட்டத்து முதுகுத் தசையைப் பார்ப்பது மேல். கொலஸ்ட்ரால் மாத்திரை, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், கோல்சிசின் இவற்றால் வரும் மயோபதியிலும் துடிப்புகள் வரலாம். லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச்சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) கலந்த மயோசைட்டிஸில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சர்வசாதாரணமாகத் தரப்படுவதால் இதை நினைவில் வைக்க வேண்டும். தைராய்டு குறைவு சி.பி.கேயையும் ஏற்றும், பலவீனத்தையும் தரும்; ஒரு டி.எஸ்.எச் ரத்தப் பரிசோதனை மலிவானது.

முன்பு பிறகு பார்ப்போம் என்று விட்டது இதுதான். இளவயது, சி.பி.கே பல ஆயிரம், பயாப்ஸியில் கொஞ்சம் அழற்சி செல்கள், 'பாலிமயோசைட்டிஸ்' என்று பெயர், ஸ்டீராய்டும் மற்றவையும் மாற்றி மாற்றிக் கொடுத்தும் அசைவில்லை. இப்படிப்பட்ட சிலருக்கு இருப்பது டிஸ்ஃபெர்லின் குறைபாடு என்ற பரம்பரைத் தசைநோய். அந்தத் தசையிலும் அழற்சி செல்கள் தெரியும் என்பதால் ஏமாற்றிவிடும். பாதத்தின் நுனியில் நிற்க முடியாமை ஒரு துப்பு. முதுகுத் தசையில் மயோடோனிக் துடிப்பு (ஏறி இறங்கும் சத்தத்தோடு கேட்கும் தன்னிச்சைத் துடிப்பு) அதிகமாக இருந்து, மூச்சுத்தசையும் பலவீனம் என்றால் பாம்பே (Pompe) என்ற பரம்பரை நோயை நினைக்க வேண்டும். அதற்குத் தனியாக என்சைம் சிகிச்சை இருக்கிறது. ஈ.எம்.ஜி தானாக இந்த நோய்களைப் பெயர் சொல்லிக் காட்டாது. ஆனால் கண்காணிப்புக்காக எடுத்த ரிப்போர்ட் எதிர்பார்த்தபடி மாறவே இல்லை என்றால், மருந்தைக் கூட்டும் முன் நோயின் பெயரைச் சந்தேகப்பட வேண்டும். மரபணுச் சோதனைக்குக் கேட்க அதுவே சரியான நேரம்.

ஊசி இல்லாத மின்சோதனைகள்

தோல்மேல் பட்டை ஒட்டி எடுக்கும் சர்ஃபேஸ் ஈ.எம்.ஜியால் ஃபிப்ரிலேஷனைப் பார்க்க முடியாது. ஆகவே இந்த வேலைக்கு அது உதவாது. களைப்பு பற்றிய ஆய்விலும் பிசியோதெரபியிலும் அதற்கு இடம் உண்டு.

எலெக்ட்ரிகல் இம்பீடன்ஸ் மயோகிராஃபி வேறு வழி. போஸ்டனில் சீவர்ட் ருட்கோவ் என்ற நரம்பியல் மருத்துவர் வளர்த்தெடுத்தது. உணர முடியாத அளவு சிறிய, அதிவேக மாறுமின்னோட்டத்தைத் தசை வழியே அனுப்பி, அது எவ்வளவு தடுக்கப்படுகிறது, எவ்வளவு தாமதமாகிறது என்று அளப்பார்கள். ஆரோக்கியமான நாருக்கும் கொழுப்புக்கும் நீர்கோத்த தசைக்கும் எண்கள் வேறு. வலி இல்லை, நோயாளி ஒத்துழைத்து இறுக்க வேண்டியதும் இல்லை. மோட்டார் நியூரான் நோயிலும் டுஷேன் என்ற பரம்பரைத் தசைநோயிலும் அதிகம் ஆய்வு செய்திருக்கிறார்கள், மயோசைட்டிஸிலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மயோசைட்டிஸுக்கு அன்றாடச் சிகிச்சையில் வைத்து முடிவெடுக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. அதற்காக அதிகப் பணம் கேட்டால் கொடுக்க அவசியமில்லை.

குழந்தைகளுக்கு வரும் டெர்மடோமயோசைட்டிஸில் ஊசி ஈ.எம்.ஜியை முடிந்தவரை தவிர்த்து எம்.ஆர்.ஐ பார்ப்பதுதான் இப்போதைய போக்கு. நோய் முறிந்ததா என்று தெரியப் பிள்ளை தரையிலிருந்து எப்படி எழுகிறது, படுத்த நிலையில் தலையை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்து எழுதி வைக்கலாம். பெரியவர்களுக்கும் இந்தக் குறிப்பு டாக்டரிடம் நன்றாகவே பேசும்.

சில அறிகுறிகளுக்கு எந்தச் சோதனை அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்கக் கூடாது: சாப்பாடு தொண்டையில் சிக்கிப் புரையேறுவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது (மயோசைட்டிஸ் நுரையீரலையும் பிடிக்கும்), சிறுநீர் கருத்த காபி நிறத்தில் போவது, மருந்து எடுக்கும்போது வரும் காய்ச்சல். இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஈ.எம்.ஜி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.